தம்பி மகனின் கண்டெய்னரும் என் பழைய ரிஜிஸ்டரும்



இது நீளமான பதிவு. இரண்டு நாளாக மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் போனில் தட்டியிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டில் நான் போட்ட சிவப்பு மைக்கு இப்போது பழி தீர்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் சாத்தூரில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலைக்காரர், நமக்குச் சொந்தம்தான், உப்பு வைத்து முடிக்கும் முன்பே கேட்டுவிட்டார்: "ஏன் மதினி, உங்க தம்பி மகனுக்குக் கப்பல்ல வந்த சரக்குல மூணு லட்சம் போச்சாமே? நீங்க சும்மா இருந்திருந்தா போயிருக்காதாமே?" பாயசம் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை. எதிர் வரிசையிலிருந்து இன்னொருவர், "படிச்சவங்க வீட்ல இருந்தா இப்படித்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆளுக்கொரு கதையாகப் பரவுவதற்கு நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். தம்பி மகனிடம் கேட்டேன். "எழுதுங்க அத்தை, கடைப் பேரை மட்டும் போடாதீங்க" என்றான்.

அவன் கடை உங்களில் பலருக்குத் தெரியும். பிளாஸ்டிக் பூ, வாசல் தோரணம், சீரியல் செட், கொலுவுக்கு வைக்கிற சின்ன விளக்கு, கல்யாண மேடை சாமான். நான்கு வருடமாக மதுரையிலும் சென்னையிலும் மொத்த விலைக்கு வாங்கி விற்றான். போன வருடம் அவனுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. சீனாவில் இவு என்று ஒரு ஊர். ஊரே ஒரு சந்தை. உலகத்தின் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமான்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அங்கிருந்து நேராக வரவழைத்தால் இடையில் நாலு கை குறையும் என்றான். இன்னும் இரண்டு வியாபாரிகளோடு சேர்ந்து ஒரு கண்டெய்னரில் இடம் பிடித்தான். அவன் பங்கு 186 பெட்டி. போட்ட பணம் 9 லட்சம். அதில் 4 லட்சம் நான் ஓய்வு பெற்றபோது வந்த பணம். கல்யாண வீட்டில் கேட்டவருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன். நஷ்டம் எனக்கும் சேர்த்துத்தான்.

கார்த்திகை பிறந்த சமயம் சரக்கு தூத்துக்குடியில் இறங்கியது. அவன் அமர்த்தியிருந்த ஏஜென்ட் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். சீனாக்காரன் பில்லில் 'வீட்டு அலங்காரப் பொருட்கள்' என்று ஒற்றை வரிதான் இருக்கிறது, நாமும் அத்தனையையும் வரி குறைவான ஒரே தலைப்பில் போட்டுவிடலாம், யாரும் 186 பெட்டியையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று. தம்பி மகன் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னான். "ஆள் கெட்டிக்காரர் அத்தை."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், நான் பேப்பர் படிக்கிறவள். 2025-இல் நவசேவா, முந்த்ரா துறைமுகங்களிலும் காண்ட்லா பொருளாதார மண்டலத்திலும் டி.ஆர்.ஐ. என்கிற வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 7 கண்டெய்னர்களைப் பிடித்த செய்தி நம் ஊரில் டீக்கடை தோறும் பேசப்பட்டது. உள்ளே இருந்தது சுமார் 100 டன் சீனப் பட்டாசு. மதிப்பு 35 கோடி ரூபாய். காகிதத்தில் எழுதியிருந்தது என்ன தெரியுமா? சின்ன அலங்காரச் செடி, செயற்கைப் பூ, பிளாஸ்டிக் பாய். அதற்கடுத்து செப்டம்பரில் நம் தூத்துக்குடியிலேயே 83,520 பட்டாசுகள், 5 கோடி ரூபாய்க்கு. அதற்கு வைத்த பெயர் இன்ஜினியரிங் சாமான். இதற்குப் பிறகு துறைமுகத்தில் 'அலங்காரப் பொருள்' என்று ஒரு பெட்டி வந்தால், அதுவும் சிவகாசி விலாசத்துக்கு வந்தால், அதிகாரி சும்மா விடுவாரா?

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ் ஒன்றில் என் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். பரீட்சை எழுதி, சுங்கத் துறையின் ஜி கார்டு வாங்கி, இருபத்தைந்து வருடமாக இதே வேலை. பெயரைப் போட்டால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "இன்னிக்கே கிளம்பி வாங்க டீச்சர், பில் ஆஃப் என்ட்ரி போடாம வாங்க" என்றாள்.

காலை பஸ்ஸில் போனோம். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழி. தம்பி மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பொழுது போக அவனுக்கு ஊர்க்கதை சொன்னேன். நம் ஊரே ஒரு சுங்க வரியில் தலையெடுத்த ஊர். அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் கஜானாவை நிரப்ப 1921-இல் ஒரு குரோஸ் தீப்பெட்டிக்கு 12 அணாவும், 1922-இல் ஒன்றரை ரூபாயும் இறக்குமதி வரி போட்டது. குரோஸ் என்றால் 144 பெட்டி. வெளிநாட்டுப் பெட்டி விலை ஏற, உள்ளூரில் செய்தால் கட்டும் என்றாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். இவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றரை ரூபாய் இல்லாவிட்டால் கல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்திருப்பார்களா என்று நான் யோசிப்பதுண்டு.

கோவில்பட்டி வந்ததும் அவனே வாயைத் திறந்தான். "லைட்டர் கதையும் அதானே அத்தை?" அதேதான். சீன பிளாஸ்டிக் லைட்டரால் தீப்பெட்டி விற்பனை படுத்துவிட்டது என்று இங்குள்ளவர்கள் மனு மேல் மனு கொடுத்து, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு டெல்லி தடை போட்டது. உடனே முழு லைட்டராகக் கொண்டுவராமல் பாகம் பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். பிறகு 2024-இல் பாகங்களுக்கும் தடை வந்தது. பொருள் ஒன்றுதான், காகிதத்தில் பெயரை மாற்றினால் கதவு திறக்கும் என்பது வியாபாரிகளுக்குப் பழைய பாடம்.

அவள் ஆபீஸ் சின்ன அறை. மேஜை மேல் தலையணை தடிமனில் சுங்க வரிப் புத்தகம். தம்பி மகன் கொண்டுபோன மாதிரிச் சாமான்களையும் போட்டோக்களையும் மேஜையில் பரப்பச் சொன்னாள். பிறகு ஒரு மணி நேரம் அவள் பாடம் நடத்த, நான் மாணவி.

உலகத்தில் விற்கிற, வாங்குகிற எல்லாப் பொருளையும் 21 பிரிவு, 97 அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 77-ஆவது அத்தியாயம் மட்டும் பிற்காலத்துக்கென்று காலியாக விட்டிருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் இருக்கிற உலக சுங்க அமைப்பு பார்த்துக்கொள்கிற முறை இது. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது, அதற்கு மேல் நம் நாடு சேர்ப்பது இரண்டு. மொத்தம் எட்டு. நம் ஊரையே எண்ணில் சொல்லிவிடலாம். பட்டாசு 3604, தீப்பெட்டி 3605, காலண்டர் 4910. கிழிக்கிற தேதித்தாள் இல்லாத வெறும் சாமி படம் என்றால் 4911. பிள்ளைகள் கொளுத்துகிற கலர் மத்தாப்புத் தீக்குச்சி இருக்கிறதே, அது பெட்டியைப் பார்த்தால் தீப்பெட்டி மாதிரியே இருந்தாலும் 3605-க்குள் வராது, பட்டாசோடு 3604-க்குப் போய்விடும். இதைக் கேட்டு நான் அசந்துவிட்டேன். அறுபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது.

'வீட்டு அலங்காரம்' என்று ஒரு அத்தியாயம் உண்டா? கிடையாது. அங்கேதான் சிக்கல். அவள் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்தாள். "இது எங்க போகும் டீச்சர்?" பிளாஸ்டிக் அத்தியாயம் 39 என்று அப்போதுதான் சொல்லியிருந்தாள், அதனால் 39 என்றேன். தப்பு. செயற்கைப் பூவுக்கென்றே 6702 இருக்கிறது. அப்படியானால் இந்தக் கண்ணாடி ரோஜாவும் 6702-தானே? அதுவும் தப்பு. 67-ஆவது அத்தியாயத்தின் குறிப்பு கண்ணாடிப் பொருளை வெளியே தள்ளிவிடுகிறது. கண்ணாடிப் பூ பூ இல்லை, கண்ணாடி. அது 70-க்குப் போக வேண்டும். உலோகத்தில் ஒரே அச்சாக வார்த்த பூவும் அந்தத் தலைப்புக்குள் வராது. ரெசின் புத்தர் பிளாஸ்டிக் அலங்காரம், 3926. பீங்கான் யானை 6913. பித்தளை மணி 8306. மரத்தில் செதுக்கிய மயில் 4420. மேஜையில் ஒரு கல்யாண மேடைக்கான சாமான்தான் இருந்தது, ஆனால் காகிதத்தில் அது ஆறேழு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

சீரியல் செட்டை எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் தலைப்பு 9405-க்குள் வருகிறது. சட்ட வாசகம் 'கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பயன்படுகிற வகையான விளக்குச் சரம்' என்பது. நம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ரத வீதி முழுக்கக் கட்டுகிறோமே, அதற்கும் அந்தப் பெயர்தான். காகிதக் கூண்டு விளக்கு மட்டும் பண்டிகைச் சாமான் என்று 9505-க்குப் போகிறது. கிறிஸ்துமஸ் ஸ்டாரும் அங்கேயே.

"பண்டிகைச் சாமான்னா என்னன்னு அமெரிக்காவுலயே கோர்ட்டுல வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டாங்க டீச்சர்" என்றாள். மினசோட்டா மாநிலத்தில் அலங்காரச் சாமான் இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனி. அங்கே பண்டிகைச் சாமானுக்கு வரி குறைவு, பீங்கான் குவளைக்கு வரி அதிகம். ஹாலோவீனுக்காகப் பூசணிக்காய் முகம் போட்ட குவளையை இறக்கினார்கள். இது குவளையா, பண்டிகையா? குடிக்கப் பயன்படுகிறதே என்றது சுங்கத் துறை. பயன்பட்டால் பண்டிகைச் சாமானாக இருக்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து வருடம் கழித்து, 2007-இல், உலக அமைப்பு அந்த இடத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்துவிட்டது: பண்டிகைப் படம் போட்டிருந்தாலும் பாத்திரம் பாத்திரம்தான், விரிப்பு விரிப்புதான். நம் ஊர் திருஷ்டிப் பூசணி முகத்தைக் குவளையில் போட்டு அனுப்பினால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "டீச்சர், வேலையைப் பாப்போம்" என்றாள். நான் வகுப்பில் சொல்கிற அதே தொனி.

விதிகளும் எனக்குப் பிடித்திருந்தன. முதல் விதியே, அத்தியாயத்தின் பெயர் தேடுகிற வசதிக்கு மட்டும்தான், அதை வைத்து முடிவு செய்யாதே, உள்ளே இருக்கிற வாசகத்தையும் குறிப்பையும் படி என்கிறது. இரண்டு தலைப்பில் பொருந்தினால், பொதுவாகச் சொல்வதை விட்டுக் குறிப்பாகச் சொல்வதை எடு. பல சாமான் சேர்ந்த செட் என்றால் எது அதற்கு முக்கியத் தன்மையைத் தருகிறது என்று பார். அதுவும் தெரியாவிட்டால் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடு. பிள்ளைகளா, நான் நடத்திய எந்த வகைப்பாட்டுப் பாடமும் இவ்வளவு நேர்த்தியாக இருந்ததில்லை.

இப்படியாக ஒற்றை வரி பதினொரு வரியானது. வரி கூடியது. தம்பி மகன் போனில் கணக்குப் போட்டுப் போட்டுப் பெருமூச்சு விட்டான். அதுவரை பரவாயில்லை. பேக்கிங் லிஸ்டில் கடைசியாக 6 பெட்டி இருந்தது. 'பர்த்டே கேண்டில்' என்று எழுதியிருந்தது. அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அட்டைப் பெட்டி மேல் ஒரு கேக், அதன் நடுவில் குழல் மாதிரி ஒன்று, அதிலிருந்து வெள்ளிப்பொறி ஒரு முழ உயரத்துக்குக் கொட்டுகிற படம்.

"தம்பி, இது மெழுகா, மருந்தா?"

சிவகாசிக்காரனிடம் இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவன், "திரி இருக்குக்கா, பத்த வெச்சா எரியும். மெழுகுவர்த்திதானே?" என்றான்.

"புஸ்வாணத்துலயும்தான் திரி இருக்கு."

மெழுகுவர்த்தி 3406. யார் வேண்டுமானாலும் வரி கட்டிக் கொண்டுவரலாம். மருந்து வைத்த பொறி 3604. அதை இறக்க வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் லைசென்ஸும், வெடிபொருள் துறையின் லைசென்ஸும் வேண்டும். கந்தகத்தோடு குளோரேட் கலந்த மருந்தாக இருந்தால் 1992-லிருந்து இந்தியாவில் செய்யவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. பட்டாசு ஆபீசில் கணக்கு எழுதிய என் அப்பாவின் பேரன், சீனாவிலிருந்து சிவகாசிக்குப் பட்டாசு இறக்கியிருக்கிறான்! அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. பிறந்தநாள் சாமான் கேட்டிருக்கிறான், அவர்கள் இதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

அறையில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு அவன் சொன்னான், "ஆறு பெட்டிதானேக்கா. கேண்டில்னே போட்டுருவோம். அந்த ஏஜென்ட் சொன்ன மாதிரி யாரும் பிரிக்க மாட்டாங்க."

இப்போது நான் சொல்லப்போவதை உறவினர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் அவனைத் தடுக்கவில்லை. கல்யாண வீட்டில் என்னை ஏதோ அரிச்சந்திரன் தங்கச்சி மாதிரி பேசினார்கள். நான் என் 4 லட்சத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்து, "வேற வழியே இல்லையாம்மா?" என்று கேட்டவள் நான்தான்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "டீச்சர், ஒரு தடவை என்னையே நீங்க வேற தலைப்புல போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. நாற்பது வருடமாக இருக்கிறது.

1986. நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம். கரிசல் காட்டில் ஒரு ஊர், ஓட்டுக் கட்டடம், இரண்டு ஆசிரியர். விடிவதற்கு முன்னாலேயே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அம்மாக்கள் தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை அப்படியே எழுப்பித் தூக்குச்சட்டியோடு ஏற்றிவிடுவார்கள். அவளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு. ஆடி மாதம் ஒரு நாள் வரவில்லை. கட்டை அடுக்கப் போய்விட்டாள் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். அவளோடு இன்னும் நாலு பேர்.

அந்த வருடக் கடைசியில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளிகளில் வராத பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆய்வுக்கு வருவதற்கு முதல் நாள் ரிஜிஸ்டரைச் சரிசெய்யச் சொல்லி எனக்கு உத்தரவு. ஐந்து பெயருக்கு நேராகவும் நான் என் கையால் எழுதினேன்: 'குடும்பத்துடன் வெளியூர் சென்றுவிட்டார்.' பெயர் நீக்கம். எழுத்து மணிமணியாக இருந்தது. ஆய்வும் நல்லபடியாக முடிந்தது.

1988 ஜூனில் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு விரலெல்லாம் புண். இனி அனுப்ப மாட்டேன், படிக்கட்டும் என்றார். சேர்க்க முடியவில்லை. வெளியூர் போனவள் என்றால் அந்த ஊர்ப் பள்ளியிலிருந்து டி.சி. வேண்டுமே? அவள் எந்த ஊருக்கும் போகவில்லை. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. இல்லாத பள்ளியின் இல்லாத டி.சி.க்காக அந்த அம்மா ஒரு வருடம் நடந்தார். நான் ரிஜிஸ்டரில் ஒரு வரி திருத்தி எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எழுதினால் முதலில் எழுதியது பொய் என்றாகிவிடும். அதனால் நான் வாசலில் நின்ற அந்த அம்மாவிடம், "டி.சி. கொண்டாங்கம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். 1989-இல் வேறு தலைமையாசிரியர் வந்து, வயதுச் சான்று மட்டும் வாங்கிக்கொண்டு அவளைச் சேர்த்தார். பன்னிரண்டு வயதில் மூன்றாம் வகுப்பு.

பிற்பாடு 1996-இல் உச்ச நீதிமன்றம், இப்படி வேலைக்கு வைக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது நாங்கள் ஆசிரியர்கள் எல்லாம் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. தம்பி மகனுக்கு ஒன்றும் புரியவில்லை, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் நான் அவனிடம், "அது என்னவோ அதையே எழுதச் சொல்லுடா" என்றேன்.

அவள் செய்தது இதுதான். முதலில் பிரித்துப் பாருங்கள், பிறகு வரி போடுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்கிற ஒரு முறை இருக்கிறது. அப்படிக் கேட்டு, ஆறு பெட்டியைப் பற்றி உள்ளதை எழுதி, லைசென்ஸ் இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்தாள். 2011-லிருந்து வரியைக் கணக்கிட்டு எழுதித் தருவதே இறக்குமதி செய்கிறவன் பொறுப்பு. எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று என்றால் மொத்தச் சரக்கும் சிக்கும், ஆளும் சிக்குவான். ஆறு பெட்டியைப் பறிமுதல் செய்தார்கள். அபராதம் விதித்தார்கள். விசாரணைக்கு மூன்று முறை போய்வந்தான். சரக்கு வெளியே வர 37 நாள். கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறியது. கடைக்குப் பெட்டி வந்து சேர்ந்தபோது கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு நாள். கூடுதல் வரி, வாடகை, அபராதம், போன பெட்டி எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 90 ஆயிரம். கல்யாண வீட்டில் சொன்ன மூன்று லட்சம் கிட்டத்தட்ட சரிதான். தை முகூர்த்தத்தில் பூவும் தோரணமும் ஓடியதால் கொஞ்சம் தலை நிமிர்ந்தான். ஸ்டார் எல்லாம் பரணில் இருக்கிறது, அடுத்த டிசம்பருக்கு.

அவன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. அதுவும் உண்மை. தம்பி பெண்டாட்டி இன்னும் அளந்துதான் பேசுகிறாள்.

அந்த ஆறு பெட்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு 2012 செப்டம்பர் 5 ஞாபகம் வருகிறது. ஆசிரியர் தினம். மத்தியானம் முதலிப்பட்டிப் பக்கம் வானம் கறுத்தது. முப்பதுக்கு மேல் உயிர் போனது. வழக்கமாகச் சாயங்காலம் பேனா, பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அன்றைக்கு ஒருவரும் வரவில்லை, நானும் கதவைத் திறந்து வைக்கவில்லை. கடையில் அந்தக் குழல்கள் பிளாஸ்டிக் பூவுக்கும் சீரியல் செட்டுக்கும் நடுவில் அலமாரியில் இருந்திருக்கும். மேலே மாடியில் அவன் பிள்ளைகள் தூங்குவார்கள். 'கேண்டில்' என்று எழுதியிருந்தால் அவனே அதைக் கேண்டில் என்று நம்பி அடுக்கியிருப்பான்.

அன்றைக்குத் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டு வரை அவள் வந்து எங்களை ஏற்றிவிட்டாள். தம்பி மகன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். நான் கேட்டேன், "நான் என்னன்னு எழுதியிருக்கணும்மா? அந்த ரிஜிஸ்டர்ல தீப்பெட்டி ஆபீஸ் போயிட்டான்னு எழுதக் கட்டமே இல்லையே."

"எந்தத் தலைப்புலயும் பொருந்தாததுக்குக் கடைசியில 'இதர'ன்னு ஒரு வரி இருக்கும் டீச்சர். எங்க புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் இருக்கு. அதுலயாவது போட்டிருக்கலாம். பேரை அடிச்சிருக்க வேண்டாம்" என்றாள். பிறகு, "முறுக்கு வாங்கியிருக்கேன், சுகர் எவ்வளவு இருக்கு, சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

இந்தப் பதிவை எழுத இன்னொரு காரணம் உண்டு. அன்றைக்கு நான் எழுதியது ஐந்து பெயர். ஒருத்தி கிடைத்துவிட்டாள். மற்ற நாலு பேர் மூன்று பெண், ஒரு பையன். இப்போது ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். 1986-இல் அந்த ஊரில் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு அவர்கள் யார் என்று தெரியும். பெயரைக் கமெண்டில் எழுத வேண்டாம். எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், போய்ப் பார்க்க வேண்டும். என் போன் நம்பர் பழையதுதான், மாற்றவில்லை.